சளிக்கு மட்டும்தான் பயமா?

ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்ததும் நம் பழவேற்காட்டுக் குப்பங்களில் முதலில் நடக்கிற காரியம், பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்புவதை நிறுத்துவது. "ஈரக்காத்து அடிக்குது, நெஞ்சுல சளி கட்டிக்கும். கார்த்திகை போவட்டும், அப்புறம் அனுப்பிக்கலாம்" என்று ஆயா சொல்லும். அம்மா தலையாட்டுவாள். நைனா காதில் வாங்கியும் வாங்காமலும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். கோட்டைக்குப்பத்திலும் இதேதான், லைட்ஹவுஸ் குப்பத்திலும் இதேதான், பொன்னேரி டவுனில் மாடிமேல் மாடி கட்டியவர் வீட்டிலும் இதேதான். பிள்ளை தலையில் காதை மூடுகிற குல்லாய், கையில் போன். கதவைச் சாத்திவிட்டால் நம் கடமை முடிந்தது.

முடிந்ததா? சாத்திய கதவு எவ்வளவு நேரம் சாத்தியிருக்கும்? மூன்று வயசுப் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் எம்மாத்திரம். போனில் சார்ஜ் இறங்கியதும் அது எழுந்து வெளியே வரும். வந்தால் அதன் எதிரில் என்னென்ன இருக்கிறது என்று, இதைப் படிக்கிற அம்மாவோ அப்பாவோ, வாசலுக்குப் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள். நின்றபடி பார்க்காதீர்கள். குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது நீல டிரம். குழாயில் எப்போது தண்ணீர் வரும், லாரி எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே வாழ்கிற ஊர்கள் இவை. டிரம் இல்லாத வாசல் இல்லை. அடியில் இருக்கும் தண்ணீரை எட்டி மொள்ள வசதியாகப் பக்கத்தில் ஒரு கல் போட்டிருப்போம். பிள்ளை ஏறுவதற்கும் அதே கல்தான். மூடி எங்கே? இறால் கொட்ட எடுத்துப்போனது, திரும்பி வரவில்லை. டிரம்முக்கு அடுத்தபடி துணி ஊறுகிற அன்னக்கூடை. அதைத் தாண்டினால் வீடு கட்ட மண் எடுத்த பள்ளம். ஆடியில் ஆடு படுத்திருந்த இடம், இப்போது பெரியவர்கள் இடுப்பு வரை கலங்கல் தண்ணீர். அதற்கப்பால் கால்வாய், இல்லாவிட்டால் ஏரி. முருங்கைக் கன்றை ஆடு கடிக்காமல் இருக்க நாலு பக்கமும் படல் கட்டியிருக்கிறோம். பள்ளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு படல் கட்டினோமா?

ஏரியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பீர்கள். சரிதான். ஆனால் நம் மனசில் பதிந்திருப்பது கோடைக்கால ஏரி. சித்திரையில் எத்தனையோ இடங்களில் முட்டிக்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். "இங்கல்லாம் என்னாத்த முழுகுறது" என்கிற பேச்சு அப்போது பிறந்த பேச்சு. அதை ஐப்பசி, கார்த்திகையிலும் பேசிக்கொண்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. தமிழ்நாட்டுக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. நம்மைப் போன்ற கரையோர மாவட்டங்களுக்குப் பாதிக்கும் மேல். ஆரணி ஆறு இந்தப் பக்கத்திலிருந்தும், காளங்கியும் சொர்ணமுகியும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வெள்ளத்தைக் கொண்டுவந்து இதே ஏரியில்தான் சேர்க்கின்றன. மணல் மூடிக் கிடந்த முகத்துவாரம் அறுத்துக்கொண்டு திறக்கிறது. நேற்று தேங்கி நின்ற தண்ணீர் இன்று இழுக்கிறது. நேற்று மேடாக இருந்த இடம் இன்று கால் வைத்தால் உள்ளே போகிறது.

முகத்துவாரம் திறந்தால் நமக்குக் கொண்டாட்டம். இறால் ஏறும், நண்டு ஏறும், கையில் நாலு காசு புழங்கும். தண்ணீரில் குனிந்து தடவித் தடவி இறாலைப் பறியில் போடுகிற இருளர் வீட்டுப் பெண்ணிலிருந்து, விடிவதற்கு முன்னால் ஏலத்துக்குக் கூடை தூக்கும் நம் வீட்டுப் பெண் வரை, எல்லாருக்கும் வேலை இருக்கிற மாதம். அதாவது அம்மாவும் அப்பாவும் சேர்ந்தாற்போல் வீட்டில் இல்லாத மாதம். தண்ணீர் வாசலுக்கு வருகிற மாதம். பிள்ளையைப் பால்வாடியிலிருந்து நிறுத்தி அந்த வாசலில் விடுகிற மாதமும் அதேதான். எதற்காக நிறுத்தினோம்? சளிக்கு.

இனி கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளை ஆழ்கடலுக்கா போயிருக்கும்? வீட்டுக்குப் பக்கத்துக் குட்டை, கால்வாய், தொட்டி, பக்கெட். பக்கெட் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தத்தித் தத்தி நடக்கிற வயசில் உடம்புக்குத் தலைதான் பாரம். குனிந்து எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் கையை ஊன்றி எழத் தெரியாது. அதற்குப் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும்.

"விழுந்தா கத்தும்ல? ஓடியாந்துடுவோம்" என்று ஒரு தைரியம் நமக்கு. கத்தாது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எதைக் கொண்டு கத்தும்? கையை மேலே தூக்கி ஆட்டி உதவி கேட்பதெல்லாம் சினிமாவில். நிஜத்தில் சத்தமே இருக்காது. அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள், பக்கத்து வீட்டில் கடன் கேட்டுவிட்டு வருகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். "இங்கதான ஆடிக்கிட்டு இருந்துச்சு, இப்பதான பார்த்தேன்" என்று சொல்லாத குடும்பம் இல்லை. இப்போது பார்த்தது உண்மைதான்.

நம் கடலின் மேல்முனையில் இருக்கிறது வங்கதேசம். நம்மை விடவும் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிற நாடு. வீட்டுக்கு நாலு பக்கமும் குளம், வாய்க்கால். அங்கே பிள்ளைகள் எப்போது, எங்கே மூழ்குகிறார்கள் என்று கிராமம் கிராமமாக ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பெரும்பாலும் பகலில், காலையில் வீட்டு வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். நடு இரவில் அல்ல, புயலில் அல்ல. அம்மா வீட்டிலேயே இருக்கிற நேரத்தில். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் இல்லை. ஊருக்குள் ஒரு வீடு, அதில் ஊர்ப் பெண் ஒருத்தி, காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் கதையுமாகப் பார்த்துக்கொள்வாள். 'ஆஞ்சல்' என்று அதற்குப் பெயர். அப்படிப் போய்வந்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைந்தது. அந்த நாட்டு அரசாங்கமே பிற்பாடு அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டது.

நமக்கு அந்த வீட்டைப் புதிதாகத் தேட வேண்டாம். பால்வாடி இருக்கிறது. 1975-இல் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய திட்டம்தான், தமிழ்நாட்டில் மட்டும் இன்றைக்கு 54,000-க்கும் மேல் மையங்கள். பால்வாடி என்றால் முட்டையும் சத்துமாவும் கொடுக்கிற இடம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "முட்டைய வாங்கியாந்து வூட்லயே கொடுத்துக்குறோம்" என்று டீச்சரிடம் சண்டை போடுகிற தாய்மாரும் உண்டு. அங்கே கிடைக்கிற பெரிய சரக்கு முட்டை இல்லை அம்மா, ஒரு ஜோடிக் கண். காலை நேரம் முழுக்க உன் பிள்ளை மேல் இருக்கிற கண். மழைக்காலத்தில் அதைத்தான் முதலில் வேண்டாம் என்கிறோம்.

"பால்வாடிக்குப் போனா அங்க பத்துப் பிள்ளைங்க மூக்கு ஒழுகிக்கிட்டு உட்காந்திருக்கும், ஒட்டிக்காதா?" என்று கேட்பீர்கள். ஒட்டும். இல்லை என்று சொல்ல மாட்டேன். சளி மழைத்தண்ணீரிலிருந்து வருவதில்லை, சளி பிடித்த இன்னொரு ஆளிடமிருந்து வருகிறது. அந்த ஆள் பால்வாடியிலும் இருக்கலாம், ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் பக்கத்தில் படுத்து இருமுகிற சித்தப்பாவாகவும் இருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது வழக்கமான சங்கதி என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒழுகும், தும்மும், ராத்திரி தூங்க விடாது, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். பிள்ளை நனைந்து வந்தால் துவட்டி உலர்ந்த துணி போடுங்கள், சூடாக ஒரு வாய் ரசஞ்சோறு கொடுங்கள். ஆயா அதைத்தான் செய்யும், அதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. பிள்ளை மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

மாறாக நாம் என்ன செய்கிறோம்? இரண்டு தும்மலுக்கு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறோம். "பையனுக்கு இருமல், ஒரு சிரப்பு குடுங்க." வயசு கேட்பார் இல்லை, எடை கேட்பார் இல்லை. போன வருஷம் பெரியவனுக்கு வாங்கி மிச்சம் இருந்ததைச் சின்னவளுக்கு ஊற்றுகிற வீடுகளும் இருக்கின்றன. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கத்தில் சிறுநீரகம் செயலிழந்து வரிசையாகப் பிள்ளைகள் செத்தார்களே, இருபதுக்கும் மேல், நினைவிருக்கிறதா? அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப்பு தயாரானது எங்கேயோ இல்லை, நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற, தொழிற்சாலைகளில் புழங்குகிற கரைப்பான் அதில் 48 சதவீதத்துக்கும் மேல் கலந்திருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வந்தது என்ன நோய்? சாதாரணச் சளி, காய்ச்சல். அதன்பிறகு மத்திய சுகாதாரத் துறை மறுபடி சொன்னது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே தேவையில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குக் கொஞ்சம் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். கொதிக்கிற குண்டானை முன்னால் வைத்துப் போர்வை போட்டு ஆவி பிடிக்க வைப்பதையும் தயவுசெய்து விடுங்கள். சளி போகிறதோ இல்லையோ, குண்டான் கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும்.

அடுத்து மழை லீவு. சாயந்திரம் ஆறு மணியிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து "திருவள்ளூர் மாவட்டம் போட்டாங்களா" என்று பிள்ளைகள் காத்திருக்கும். கலெக்டர் லீவு விட்டது பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்று. நம் வீடுகளில் அந்த நாள் எப்படிப் போகிறது? பள்ளி மூடியிருக்கும், பால்வாடியும் சில நாள் மூடியிருக்கும். அம்மா இறால் கம்பெனிக்கோ ஏலத்துக்கோ போயாக வேண்டும். வீட்டில் மூத்தது பெண்ணாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குத் தாய் வேஷம். ஒன்பது வயசு. இடுப்பில் தம்பி, கையில் தங்கச்சி, அடுப்பில் கஞ்சி. "தம்பிய பார்த்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அவளும் பிள்ளைதானே! தோழி வந்து கூப்பிட்டால் இரண்டு நிமிஷம் போய்ப் பாண்டி ஆடத்தான் செய்வாள். அந்த இரண்டு நிமிஷத்தில் ஏதாவது ஆகிவிட்டால், ஊர் முழுக்க அவளைத்தான் கேட்கும். "நீ என்னா பண்ணிக்கிட்டு இருந்த?" அறுபது வயசு வரைக்கும் அந்தக் கேள்வி அவளைத் துரத்தும். ஒன்பது வயசுப் பிள்ளை தலையில் இந்தப் பாரத்தை ஏற்ற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆம்பளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எண்ணூர் துறைமுகத்தில் மூணாம் நம்பர் கூண்டு ஏற்றியாச்சு என்றால் உங்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். காற்று எந்தத் திசையில் திரும்பினால் படகை மேட்டில் ஏற்ற வேண்டும், எந்த மேகத்துக்கு எவ்வளவு நேரத்தில் மழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். படகைக் கட்டுவீர்கள், இன்ஜினைக் கழற்றித் தார்ப்பாய் போட்டு மூடுவீர்கள், வலையை வீட்டுக்குள் வைப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எத்தனை பேர் ராத்திரியெல்லாம் படகுக்குக் காவல் இருந்தீர்கள்! அதை யாரும் குறை சொல்லவில்லை, படகு போனால் சோறு போச்சு. ஆனால் படகைக் கட்டிய மறுநாள்? வலைக் கொட்டாயில் சீட்டுக் கச்சேரி. கடலுக்குப் போகாத நாளில் வீட்டுக்காரி ஏலத்துக்குப் போகிறாள், நீங்கள் ஊரிலேயே இருக்கிறீர்கள், பிள்ளையோ ஒன்பது வயசு அக்கா இடுப்பில். கூண்டு ஏற்றிய நாள் பிள்ளை பார்க்கிற நாள் என்று வைத்துக்கொண்டால் யார் மீசை குறைந்துவிடும்?

டிரம்முக்குத் திரும்புவோம், அதன் கதை இன்னும் முடியவில்லை. மூடியில்லாத டிரம் பிள்ளையை மட்டும் இழுப்பதில்லை. டெங்கு கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, நாம் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். கடிப்பதும் பகலில், வீட்டுக்குள்ளே. கதவைச் சாத்திக் குல்லாய் போட்டு உட்கார வைத்த பிள்ளை அதற்கு வசதியாக உட்கார்ந்திருக்கிறது. டிரம்மைக் காலி செய்தால் போதாது. முட்டை உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாசக்கணக்கில் சாகாது. வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவியபின் இறுக்கமான மூடி போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். கொசுவுக்கும் அதே மூடி, பிள்ளைக்கும் அதே மூடி. நூறு இருநூறு ரூபாய்ச் சமாசாரம். தீபாவளிக்கு எவ்வளவு ரூபாய்ப் பட்டாசைக் கொளுத்தினோம் என்று நான் கேட்கவில்லை.

காய்ச்சல் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்கு என்றால் காய்ச்சல் அடிக்கும்போது பயப்படுகிறோம், விட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம். "ஜுரம் விட்டுச்சு, விளையாடப் போ." ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கியதை ஒட்டிய ஒன்றிரண்டு நாளில்தான் உடம்பு திடீரென்று சரியும். வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, மூத்திரம் குறைவது, பிள்ளை சோர்ந்து சோர்ந்து தூங்குவது, இதில் ஒன்றைக் கண்டாலும் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள். வேப்பிலை அடிக்க நேரம் பிறகு இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளைய தண்ணி பக்கமே விடக்கூடாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது இன்னொரு அறியாமை. ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரை மறைத்து வளர்க்க முடியாது. மறைத்தால் ஒருநாள் திருட்டுத்தனமாகப் போகும். கையைப் பிடித்து நீங்களே அழைத்துப் போங்கள். மழை விட்ட சாயங்காலம் கரையில் நின்று, இது கலங்கல், இது இழுப்பு, அந்தச் சுழிப்பு தெரிகிற இடத்துக்கு நைனாவே போக மாட்டேன் என்று காட்டுங்கள். குளிர்காலத்துக்குப் பூநாரை வந்து இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து காரில் வந்து, தொலைநோக்கி வைத்துப் பார்த்துவிட்டு, நம்மிடமே மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளை அதே பறவையைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிழங்கானுக்கும் மடவைக்கும் வித்தியாசம் தெரியாத மீனவன் பிள்ளையை வளர்த்துவிட்டு, ஏரி போச்சு, தொழில் போச்சு என்று ஊர்க்கூட்டத்தில் அழுது என்ன பயன்?

நீச்சலும் அப்படித்தான். பையன்கள் எப்படியோ தாங்களே கற்றுக்கொள்கிறார்கள், விழுந்து எழுந்து. பெண் பிள்ளைகளுக்கு? "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" தம்பியை அவள் இடுப்பில் ஏற்றும்போது மட்டும் அந்தக் கேள்வி எழவில்லையே! ஆறேழு வயசிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். இந்த வெள்ளத்தில் வேண்டாம். ஏப்ரல் 15-இல் தொடங்குகிற மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி முழுப்பரீட்சை லீவும் ஒன்றாக வருகின்றன. ஏரி வற்றித் தெளிந்திருக்கும், ஊரில் நீந்தத் தெரிந்த ஆள் நிறைய இருப்பார். அதுவரைக்கும் படகில் ஏற்றினால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றாதீர்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் போனார்களே, கரையில் நின்று பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் தெரியாது, நமக்குத் தெரியும் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டோம். தண்ணீர் நமக்குத் தெரியும். நம் மடியில் உட்கார்ந்திருக்கிற இரண்டு வயசுக்குத் தெரியுமா?

ஒருவேளை யாராவது விழுந்துவிட்டால், தூக்கியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலையில் வைத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மூச்சு. மல்லாத்திப் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சை அழுத்துங்கள், இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். இதை முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியான நேரம் போதும். சுகாதார நிலையத்து நர்ஸைக் கூப்பிட்டு ஊர்க்கூட்டத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கத் தெரிந்த நமக்கு ஒரு நர்ஸைக் கூப்பிடத் தெரியாதா?

லீவு நாளுக்கு வழி என்ன என்று கேட்டால், அதுவும் நம் ஏரியிலேயே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' முறை வைத்திருக்கிறோம். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சண்டை வராமல் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறோம். பழவேற்காட்டுப் பாடு முறையைப் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூட வந்து எழுதியிருக்கிறார்கள். (அதில் பெண்களுக்குப் பங்கு கிடையாது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.) மீனுக்கு முறைவைக்கத் தெரிந்த ஊருக்குப் பிள்ளைக்கு முறைவைப்பது பெரிய வித்தையா? ஒரு தெருவில் நாலு வீடு சேருங்கள். மழை லீவு விட்ட நாளில் ஒரு வீட்டு ஆள் வேலைக்குப் போகாமல் நாலு வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் ஒரே திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் சமையல் கிடையாது, துணி கிடையாது, போன் கிடையாது, கண்ணெல்லாம் பிள்ளைகள் மேல். அடுத்த லீவுக்கு அடுத்த வீடு. "ஒரு நாள் கூலி போவுமே" என்பீர்கள். மற்ற மூன்று வீடும் அன்றைய இறாலில் ஆளுக்கு ஒரு கிண்ணம் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், கணக்கு சரியாகிவிடும். "அவ வூட்ல என் புள்ளய விடமாட்டேன், எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல" என்பவர்கள், பேச்சுவார்த்தை உள்ள மூன்று வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறைப் பட்டியல் எழுதும்போது பெண்கள் பெயரை மட்டும் எழுதாதீர்கள். நைனாக்களையும் சேர்த்து எழுதுங்கள். கூண்டு ஏற்றிய நாளெல்லாம் அவர்கள் முறை.